நான் கடித்த டாலர்

பொள்ளாச்சிக் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்தவரின் மகன் நான். நகை செய்யும் குடும்பத்தில் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்படிப்பட்ட நான் கோயமுத்தூர் ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், எட்டுக்குப் பத்து அறையில் பட்டறை போட்டேன். எங்கள் சந்துக்கு மெழுகு வார்ப்பு மெஷினை முதலில் இறக்கியவன் நான். வெடித்துவிடும் என்று பயந்து பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஒரு வாரம் என் படிக்கட்டுக்குக் கீழே நடக்கவில்லை. போர்டு வைக்கவில்லை, விளம்பரம் கொடுக்கவில்லை. கல்யாணப் பெண்கள் பெரிய பெரிய கடைகளில் ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் என் மாடிப்படிதான் ஏறினார்கள். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து வளையலுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. சொந்த வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் படிக்கவைத்தேன்; ஒருத்தி டாக்டர். என்னிடம் வேலை கற்றவர்கள் ஆறு பேர் இன்று தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஆறு பேரும் என்னைக் கண்டால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவார்கள். அதையும் என் சாதனையில்தான் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது எல்லாம் ஓய்ந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்தாயிற்று. நாற்பத்தைந்து வருஷம் குனிந்தே இருந்ததால் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் கழுத்து வலிக்கிறது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். மூன்று வருஷமாக உளியைத் தொடவில்லை.

சொந்தமாக நகை வடிவமைத்து விற்கும் இளைஞர்கள் சேர்ந்து மலர் போடுகிறோம் என்று உங்களில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். "உங்க இன்ஸ்பிரேஷன் என்னங்க ஐயா?" என்று கேட்டார். "பசிங்க அம்மணி" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடுங்கள். என் வயதுக்காரன் எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை இங்கே நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பெயரைப் போட மாட்டேன். உயிரோடு இருந்தபோதே அவருக்கு அது பிடிக்காது. பழைய நகை எது வந்தாலும் அவர் உடனே கையில் வாங்க மாட்டார். "ஒருக்கா நீங்களே கையில வெச்சுப் பாருங்க" என்று கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த ஆள் எதற்கென்று தெரியாமல் நகையைப் புரட்டுவார். இவர் நகையைப் பார்க்க மாட்டார், அந்த ஆளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விரல் எந்த இடத்துக்குத் தானாகப் போகிறதோ அந்த இடத்தைத் தொடவே கூடாது என்பது அவர் சட்டம். தேய்மானமோ கீறலோ அமுங்கிய சொட்டையோ, அது அவர்களுடையது. கேட்காமல் அதில் கை வைக்காதே.

அதை நான் இருபது வருஷம் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். பிறகு பெரிய ஆள் ஆகிவிட்டேன். வருபவர்களிடம் நகை வாங்குவது என் மனைவி சரோஜாவின் வேலை ஆயிற்று. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, நகையோடு சேர்த்துக் கவரில் போட்டு என் மேசைக்கு அனுப்புவாள். நான் சீட்டைப் படிப்பதில்லை. நகையைக் கையில் எடுத்தாலே அதற்கு என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிடும், சீட்டைப் படித்தா வெள்ளிங்கிரி வேலை செய்வான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு கவரில் ஒரு டாலர் வந்தது. சங்கிலியில் கோத்துக்கொள்ளும் டாலர், அரசிலை வடிவம், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. இரண்டு மெல்லிய தகட்டை ஒட்டிச் செய்தது, உள்ளே கூடு. மேல் வளையம் தேய்ந்து அறுந்துவிழும் நிலையில் இருந்தது. இலையின் ஓரத்தில் முன்பக்கம் இரண்டு சொட்டை, பின்பக்கம் இரண்டு சொட்டை. வளையத்தை மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூடு நகையில் சொட்டை எடுப்பது எல்லோருக்கும் வராத வேலை. பின்தகட்டைப் பிரித்து, உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தள்ளி, மறுபடி ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்க்க வேண்டும். எனக்கு வரும். யாரும் கேட்காமலேயே அரை நாள் உட்கார்ந்து செய்தேன். முடித்ததும் இலை நேற்றுப் பறித்ததுபோல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் சரோஜாவின் போன் அடித்தது. தொண்டாமுத்தூரிலிருந்து ரங்கநாயகம்மா. தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அந்த டாலருக்குச் சொந்தக்காரர்.

"ஏனுங்க அம்மணி, வளையம் ஆச்சுங்களா? அந்தப் பல்லுத் தடம் பத்தரமுங்களே?"

"அதெல்லாம் பெருசா எழுதியே குடுத்திருக்கனுங்க. யாரும் தொட மாட்டாங்க" என்றாள் சரோஜா. சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். போனை வைத்ததும் மேசைக்கு வந்து டாலரை எடுத்தாள். கவருக்குள் விரலை விட்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். 'வளையம் மட்டும். ஓரத்தைத் தொடக் கூடாது.' கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"என்ன பல்லு?" என்றேன்.

"அவங்க பையன் கைக்கொழந்தையா இருக்கறப்ப கடிச்சதுங்க. இருவத்தாறு வருசமா அதத் தடவீட்டே இருக்கறாங்களாம். பையன் போயி நாலு மாசம்தான் ஆகுது. பைக்குல போனவன்."

"இத வாயில சொல்றதுக்கு என்ன உனக்கு?"

"சொன்னா மட்டும் கேட்டுப்போடுவீங்களாக்கும்?"

"எப்ப வாராங்க?"

"நாளைக்குக் காலைல. பத்து மணி பஸ்ஸுக்கு."

தம்பிகளா, பெண்களே, இந்த இடத்தில் நான் என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, 'இதைத் திருப்பிக் கொண்டுவர என்னால் முடியும்' என்ற எண்ணம். அரை நாள் என் விரல் அந்த நான்கு குழிகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. எது ஆழம், எது மேலோட்டம், பின்பக்கம் இருந்ததில் ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருந்தது, எல்லாம் விரலில் இருந்தது. முனை மழுங்கிய உளி ஒன்றை இன்னும் கொஞ்சம் மழுக்கினேன். டாலரை அரக்கில் பதித்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் நான்கு பல்லும் முளைத்துவிட்டன.

என் எதிர் மேசை கபூர் பாயுடையது. கோட்டைமேட்டுக்காரர். கல் பதிப்பதில் அவரை மிஞ்ச அன்றைக்கு ஆள் கிடையாது. இருபது வருஷம் ஒரே அறையில் இருவரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து வேலை செய்தோம்.

"என்னுங்க அது, செல செதுக்கறீங்களா?"

"பல்லுங்க பாய்."

கைநீட்டி வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட, அசலாட்டமே இருக்குதுங்க. யாரு பல்லு?"

"அந்தம்மா பையனுது."

"அவன் கடிச்சத நீங்க நேத்தே தேச்சுப்போட்டீங்க. இது நீங்க கடிச்சதுங்க."

"உங்க வேலையப் பாருங்க பாய்."

"பாக்கறன், பாக்கறன். கல்லு எங்கியும் ஓடிப்போகாது. ஆனா ஒண்ணுங்க. அந்தம்மா நெதமும் உங்க பல்லத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கோணுமாக்கும்?"

டாலரைத் துடைத்துக் கவரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்தரைக்கு ரங்கநாயகம்மா படியேறி வந்தார். உயரமான பெண்மணி. ரப்பர் செருப்பில் தோட்டத்துச் சேறு காய்ந்திருந்தது. தோப்பில் தேங்காய் போடும் ஆட்களிடம் போனில் தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். உட்கார்ந்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். டாலரை வைத்தேன். அவர் வளையத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நேராக ஓரத்துக்குப் போயிற்று. முன்பக்கம் இரண்டு, திருப்பிப் பின்பக்கம் இரண்டு. கண்ணை மூடிக்கொண்டார்.

"இருக்குதுங்க" என்றார். "எங்க போயிருவான்?"

கபூர் பாயின் சுத்தியல் நின்றுவிட்டது. சரோஜா உள்ளே போய்விட்டாள்.

ரங்கநாயகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மத்ததெல்லாம் புதுசாட்டம் மின்னுது. இத மட்டும் தொடாம உட்டீங்க பாருங்க. தொழில் தெரிஞ்சவங்கன்னா நீங்கதானுங்க." டாலரைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனார். முதல் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்கம்மா, ஒரு நிமிசம் நில்லுங்க."

ஏன் கூப்பிட்டேன் என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். நேர்மை என்று நீங்கள் எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த நுணுக்கமான வேலைகளில் அந்த நான்கு குழியும் ஒன்று. அதைப் பார்த்து அவர், நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டீர்கள் என்று பாராட்டுகிறார். என் வேலை இன்னொருத்தன் பெயரில் அந்தப் படி இறங்கிப் போகிறது. என்னால் தாங்க முடியவில்லை. திமிர்தான் என் வாயைத் திறந்தது. உண்மை சொல்வதற்கு நல்ல மனசு வரும்வரை காத்திருக்காதீர்கள். எது கைக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துச் சொல்லிவிடுங்கள். நான் இந்தத் தொழிலில் கற்றது அவ்வளவுதான்.

"அது உங்க பையனுது இல்லீங்கம்மா. நான் பண்ணுனது."

அவருக்குப் புரியவில்லை.

"அசல நான் எடுத்துப்போட்டனுங்க. சொட்டைன்னு நெனச்சு. சீட்டுல எழுதித்தான் இருந்துச்சு. நான் படிக்கல."

"படிக்கத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம்?"

அவர் நின்ற இடத்திலேயே கைக்குட்டையை அவிழ்த்து டாலரை என் மேசைமேல் வைத்தார். விரலால் அதைத் தொடாமல், துணியோடு சாய்த்து வைத்தார்.

"இத எடுத்துப்போடுங்க."

"மறுபடியுமுங்களா?"

"யாரோ கடிச்சது எனக்கெதுக்குங்க?"

அரை நாள் வேலை. அவர் அரை நாளும் எதிரில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரோஜா கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. ஆறிப்போன பிறகு எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். தகட்டைப் பிரித்து, உள்ளேயிருந்து தள்ளி, நானே செய்த பல்லை நானே ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த டாலரில் அப்படி ஒரு வேலையை இரண்டாவது முறை செய்யும்போதுதான் அது எவ்வளவு மெல்லிசு என்று எனக்கு உறைத்தது.

இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதென்னுங்க, பச்சையா?"

"மெழுகுங்க. இதுல உருவம் பண்ணி, சுத்தி மாவு ஊத்திச் சுட்டா மெழுகு ஓடிப்போயிருமுங்க. அந்தப் பள்ளத்துல தங்கத்த ஊத்துவம்."

"மெழுகுல எது பட்டாலும் அப்படியே வருங்களா?"

"கைரேகை கூட வருமுங்க."

வழவழப்பான டாலரை வாங்கிக்கொண்டு எழுந்தபோது சொன்னார்: "உங்களுக்குக் கை இருக்குதுங்க. அது போதும்னு நெனச்சுட்டீங்க."

இரண்டு மாசம் கழித்து, ஒரு முகூர்த்த நாளில், பட்டறையில் நிற்க இடமில்லாத நேரத்தில், அவர் மறுபடி படியேறி வந்தார். பின்னால் மருமகள். மருமகள் இடுப்பில் ஒன்பது மாசப் பெண் குழந்தை. அப்பன் போகும்போது மூன்று மாசம்.

"இவ அப்பன் கடிச்ச அதே வயசுங்க இவளுக்கு" என்றார் ரங்கநாயகம்மா. "உங்க மெழுகக் கொண்டாங்க."

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. பட்டறை மெழுகைக் குழந்தை வாயில் வைக்கக் கூடாது. மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பித் தேன்மெழுகு வாங்கினேன். வெந்நீரில் போட்டு இளக்கி, பழைய டாலரை அளவு வைத்து அதே அரசிலையை மெழுகில் செய்தேன். குழந்தையிடம் கொடுத்தோம். பார்த்தது. வீசி எறிந்தது. மறுபடி கொடுத்தோம், மறுபடி எறிந்தது. தேன் தடவிக் கொடுத்தோம், நக்கிவிட்டு எறிந்தது. எடுக்கக் குனிந்த கபூர் பாயின் விரலைப் பிடித்து நறுக்கென்று கடித்துவிட்டது.

"யா அல்லா! ஊசியாட்டம் இருக்குதுங்க!"

"பாய் வெரல வார்த்துப்போடுங்க, ஜோலி முடிஞ்சுது" என்றார் ரங்கநாயகம்மா. நகை வாங்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை வாயே திறக்காத மருமகளும் சிரித்துவிட்டு, "குடுத்தாக் கடிக்காதுங்க. புடுங்குனாத்தான் கடிக்கும்" என்று சொல்லி இலையைக் குழந்தை வாயோரம் வைத்துப் பிடுங்குவதுபோல இழுத்தாள். குழந்தை விடாமல் கவ்வியது.

பின்பக்கம் இரண்டு தடம். முன்பக்கம் ஒன்றுதான். மேல்பல் அப்போதுதான் ஒன்று வந்திருந்தது.

"ஒண்ணு கொறையுதே" என்றேன். என் கை தானாக உளிப் பெட்டிக்குப் போயிற்று. எதிரில் கபூர் பாய் மெல்ல இருமினார். கையை எடுத்துவிட்டேன்.

மூன்று தடத்தோடுதான் வார்த்தேன். வார்த்தபின் மெருகு ஏற்றும்போது அந்த மூன்று குழிக்குள் துணி போகாமல் பார்த்துக்கொண்டது நான் செய்த காவல் வேலை. ரங்கநாயகம்மா வந்து, கையில் வைத்து, கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். வழவழப்பான பழைய டாலரைச் சங்கிலியில் கோத்து அதன் கீழே இதைத் தொங்கவிடச் சொன்னார். அப்படித்தான் இன்றும் போட்டிருக்கிறார்.

அவர் சொந்தக்காரர் கல்யாணங்களில் அதைப் பார்த்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் என் பட்டறையில் அழுது, எச்சில் விட்டு, என் ஆட்களைக் கடித்துத்தான் அந்த டாலர்கள் பிறந்தன. என்னிடம் கற்ற ஆறு பேரும் அதை வெளியே கொண்டுபோனார்கள். போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

போன மாசம் டாக்டர் மகள் என்னை ஒரு நகைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். உங்களில் ஒருவருடைய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் அரசிலை டாலர், ஓரத்தில் பல் தடம். பக்கத்தில் ஒரு அட்டை. மகள் படித்துக் காட்டினாள்: 'இன்ஸ்பிரேஷன்: கொங்கு நாட்டின் பழங்கால மரபு.'

"ராஜா காலத்துல இருந்தே இருக்குதுங்க ஐயா" என்று கடைத் தம்பி எனக்கு விளக்கம் சொன்னார். "கொழந்தைக்கு மொதப் பல்லு முளைச்சா தங்கத்தக் கடிக்க வெச்சு, அத அம்மா கழுத்துல போட்டுக்குவாங்க." மூட்டு வலி; அவருடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டேன்.

"நாலு தடமும் ஒரே அளவா இருக்குதே, எப்படிங்க தம்பி?"

"கம்ப்யூட்டர்ல போட்டுருவமுங்க. கொழந்தையெல்லாம் கடிக்க வேண்டியதில்லீங்க."

என் உளி செய்த அதே வேலை. கபூர் பாய் இருந்திருந்தால் இருமியிருப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வாதம் செய்யத் தெம்பில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது ராஜா காலத்து மரபு இல்லை. இதற்கு வயது பன்னிரண்டு. கடித்த குழந்தை இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இதை யோசித்தது ஒரு தென்னந்தோப்புக்காரப் பெண்மணி. ரங்கநாயகம்மாவுக்குப் போன் போட்டுப் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போட்டுக்குங்க. அழுகாச்சிக் கதை மட்டும் வேண்டாமுங்க" என்றார். கதையை எழுதிவிட்டேன்; மலர் உங்களுடையது, இந்தப் பக்கம் என்னுடையது. உங்கள் அட்டையில் கதை வேண்டாம். ஆனால் அந்த 'மரபு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, நான் சொல்கிறபடி எழுதுங்கள். எழுதாவிட்டால், முடியாத உடம்போடு ஒவ்வொரு கண்காட்சிக்கும் வந்து உங்கள் ஸ்டூலில் உட்காருவேன்.

யோசனை: ரங்கநாயகம்மா, தொண்டாமுத்தூர்.

மெழுகும் வார்ப்பும்: வெள்ளிங்கிரி, ராஜ வீதிப் பின்சந்து.

இதற்குக் காரணமான தப்பு: அதே வெள்ளிங்கிரி.

மூன்றாவது வரி மரியாதையாக இல்லை என்று யாராவது வெட்டப் பார்ப்பீர்கள். வேண்டுமானால் இரண்டாவது வரியை வெட்டுங்கள். வார்ப்பு யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அந்தத் தப்பை நான் ஒருவன்தான் செய்தேன். அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருக்க வேண்டும்.